வேறு வைத்த வண்டி

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கட்டில் கடை. பட்டப்பகல். ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிற நேரத்தில், விற்பனைக்குப் போட்டிருந்த தேக்குக் கட்டிலில் ஓர் அம்மாள் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரர் முதலில் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. லேசாகக் குறட்டை கேட்டதும் என் பக்கத்தில் வந்து, "ஆச்சிக்கு மேலுக்கு முடியலையா?" என்றார்.

"அதெல்லாம் இல்லண்ணே. கட்டில் பாக்குறாக," என்றேன்.

எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டார். "பாக்க ராசா மாதிரி இருக்கு. இடுப்புக்கிட்ட ஒரு பலகை தூக்குது. வேணாம்," என்றார். கடைக்காரர் கையால் தடவிப் பார்த்து, "ஒண்ணும் தூக்கலையே ஆச்சி," என்றார்.

"தடவுனா தெரியாது. நீங்க செத்த நேரம் படுங்க, நான் கடையப் பாத்துக்கறேன்."

வெளியே வந்து காரில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "கண்ணு பொய் சொல்லும் தம்பி. முதுகு சொல்லாது."

எங்கள் பக்கம் செட்டிமார் வீட்டுப் பெண்களை, வயது எதுவானாலும், ஆச்சி என்றுதான் அழைப்போம். இந்த ஆச்சிக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, வேக நடை. எதையும் பார்த்து முடிவுசெய்கிற பழக்கமே அவரிடம் கிடையாது. இருந்து பார்ப்பார், படுத்துப் பார்ப்பார், தின்று பார்ப்பார். செருப்பு வாங்கப் போனால் போட்டுக்கொண்டு நடப்பதோடு விடமாட்டார். கடைப்படியில் ஏறி இறங்கி, பின்னால் நாய் துரத்துவதுபோலத் தெருவில் நாலு எட்டு ஓடியும் பார்ப்பார். அவரை நேரில் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன. ஆனால் இன்றைக்கும் ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அந்தக் குரல் காதுக்குள் கேட்கிறது.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். ஆச்சி முதன்முதலாக என்னைக் கூப்பிட்டது பிள்ளையார்பட்டிக்குப் போக. வந்தவர் உடனே கிளம்பச் சொல்லவில்லை. முன் சீட்டில் உட்கார்ந்தார். இறங்கிப் பின் சீட்டில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீங்க ஒங்க வண்டியில பின்னால ஒக்காந்திருக்கீகளா?" என்று கேட்டார்.

வண்டி வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட இல்லை.

"ஒக்காந்து பாருங்க."

உட்கார்ந்தேன். முன் சீட்டுக்குக் கீழேயிருந்து ஓர் இரும்புப் பட்டை நீட்டிக்கொண்டு வந்து, முழங்காலுக்குக் கீழே சரியாக எலும்பில் இடித்தது. அதுவரை எத்தனை சவாரிகள் அந்த இடியை வாங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இறங்கிப் போயிருக்கிறார்களோ. மறுநாளே அந்தப் பட்டைக்கு ரப்பர் சுற்றினேன். அன்றிலிருந்து ஆச்சி எங்கே போனாலும் என் வண்டிதான்.

ஆச்சி மட்டும்தான் வருவார். அவருடைய வீட்டுக்காரர், நாங்கள் செட்டியார் என்று சொல்வோம், வரமாட்டார். ஒரு காலத்தில் ஜவுளி எடுக்க ஈரோடு, சூரத் என்று அலைந்தவர். ரயிலில் ஏறினால் ஜன்னல் சீட்டுக்குக் குழந்தை மாதிரி சண்டை போடுவாராம். இப்போது முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அரை மணி நேரம் போனால் சிறுநீர் கழிக்கவேண்டும், வந்துவிட்டால் தாங்காது. ஒரு தடவை திருமயம் தாண்டிப் போகிற பேருந்தில் நடத்துநரிடம் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். நிறுத்தினார்கள். ஆனால் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்குவதற்குள் நேரம் கடந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அன்றோடு சரி. கல்யாணம், காதுகுத்து, எதுவும் இல்லை. இளையாத்தங்குடியில் இருக்கிற அவர்களுடைய கோயிலுக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டார்.

ஆச்சி கல்யாண வீடுகளுக்குத் தனியாகப் போய்வந்தார். திரும்பும்போது வழியெல்லாம், "செட்டியார் வந்திருந்தா இந்தப் பாயசத்த ரெண்டு தடவ கேட்டு வாங்கிருப்பாக," என்பார். ஒரு கல்யாணத்திலும் பாயசத்தைப் பற்றி ஏதாவது சொல்லாமல் இருந்ததில்லை.

மகன்கள் இரண்டு பேர். மூத்தவர் சென்னையில், இளையவர் பெங்களூரில். இருவரும் நல்ல பிள்ளைகள். நல்ல பிள்ளைகள் எடுக்கிற முடிவுதான் சில சமயம் பெரிய சங்கடம். ஒரு பொங்கலுக்கு வந்தவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். அப்பச்சி, அதாவது அப்பா, சென்னையில் மூத்தவர் வீட்டில் இருக்கட்டும், ஆஸ்பத்திரி பக்கம். ஆத்தா பெங்களூரில் இளையவர் வீட்டில் இருக்கட்டும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். செட்டியாருடைய எழுபதாம் வயதுச் சாந்தியை, அறுபதாம் கல்யாணம் மாதிரி ஒரு சடங்கு அது, ஊரில் வைத்துச் சிறப்பாகச் செய்துவிட்டு, அப்படியே ஆளுக்கொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவது.

ஆச்சி அதைக் கேட்டுக்கொண்டார். மறுநாள் குன்றக்குடிக்குப் போகும் வழியில் என்னிடம்தான் சொன்னார்.

"வீட்டப் பங்கு பிரிச்சாக, பாத்திருக்கேன். தோட்டத்தப் பங்கு பிரிச்சாக, பாத்திருக்கேன். இவனுக என்னையும் அவுகளையும் பங்கு பிரிக்கிறானுக தம்பி."

"சென்னையில பெரிய வீடுன்னு சொன்னீகளே ஆச்சி. ரெண்டு பேரும் சேந்தே அங்குட்டு இருக்கலாமே?"

"இருந்து பாத்தேனே. பத்து நாளு. குளிச்சு, தூங்கி, எல்லாம் பாத்தேன். சமைக்க ஒருத்தி, தொடைக்க ஒருத்தி, துணி மடிக்க ஒருத்தி. காலையில எந்திரிச்சு என்ன செய்யன்னு தெரியாம லிப்ட்டுல மேலயும் கீழயும் போய்ட்டு வந்தேன். நல்ல வீடு. ஒரு கொறையும் இல்ல. நான் இருக்கத்தேன் வழியில்ல."

குன்றக்குடி வந்தது. இறங்கும்போது, "சாந்திக்குள்ள ஏதாச்சும் செய்யணும்," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பக்கம் மழையைவிட அடிக்கடி வருவது சினிமாப் படப்பிடிப்பு. ஆச்சி வீடும் பெரிய வீடு. பங்காளிகள் சேர்ந்து அவ்வப்போது வாடகைக்கு விடுவார்கள். அந்தத் தடவை வந்த கதாநாயகிக்கு ஒரு கேரவன் வந்து தெருவில் நின்றது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெருவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆச்சி எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. கேரவன் டிரைவருக்கு எங்கள் பக்கத்து இனிப்பான கும்மாயம் ஒரு தட்டு கொடுத்தார். "தம்பி, செத்த ஒக்காந்துட்டு வரட்டுமா?" என்றார். உள்ளே போனார். அங்கிருந்த அடுப்பில் காப்பி போட்டுக் குடித்தார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். படுக்கையில் படுத்தார். படுத்தவர் வழக்கம்போலத் தூங்கிவிட்டார்.

ஷாட் முடிந்து வந்த அந்தப் பெண் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்து நின்றது. டிரைவருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆச்சி மெதுவாக எழுந்து, "வாத்தா, ஒக்காரு. ஒனக்குத் தெனமும் கழுத்து வலிக்குமே?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எப்படித் தெரியும்?"

"மெத்தை தலைப்பக்கம் எறங்கிக் கெடக்கு. அடியில ஒரு துண்ட மடிச்சு வையி."

இறங்கி வந்தவர் என் கார் ஓரத்தில் நின்றுகொண்டு அந்த வண்டியையே பார்த்தார். பிறகு கேட்டார்: "தம்பி, இத சினிமாக்காரக மட்டுந்தேன் வாங்கணுமா? யாரு வேணாலும் வாங்கலாமா?"

கோயம்புத்தூர்ப் பக்கம் இப்படி வண்டி கட்டி விற்கிற நிறுவனம் ஒன்றை நான் விசாரித்துச் சொன்னேன். ஆச்சி போனில் பேசினார். அவர்களிடம் மூன்று வகை இருந்தது. பெரிய பேருந்தை வீடாக மாற்றியது ஒன்று. வேனுக்குள் எல்லாவற்றையும் அடக்கியது ஒன்று. சின்ன லாரியின் அடிச்சட்டத்தில் அறை கட்டி, டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கையை நீட்டிவிட்டது இன்னொன்று. மூன்றுக்கும் படம் அனுப்புகிறோம், வீடியோ அனுப்புகிறோம் என்றார்கள்.

"வீடியோவுல படுக்க முடியுமா?" என்றார் ஆச்சி. "மூணையும் ஒவ்வொரு நாளு எங்க ஊருக்கு அனுப்புங்க. வாடகை தந்துர்றேன்."

சோதனைக்கு ஓர் இடம் குறித்தார். இளையாத்தங்குடி கோயில் வாசல். செட்டியாரைக் கூட்டிக்கொண்டு போய், கும்பிட வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவேண்டும். எந்த வண்டி அதைச் செய்கிறதோ அந்த வண்டி.

செட்டியார் மாட்டேன் என்றார். "நீயே பாத்துட்டு வந்து சொல்லேன். ஒனக்குச் சரின்னா எனக்குச் சரி."

"எல்லாம் நான் பாப்பேன். ஒங்க முழங்கால நான் எப்படிப் பாக்குறது? வாங்க."

முதலில் வந்தது பேருந்து. கூடவே பளபளப்பான சட்டையில் ஒரு விற்பனைக்காரர். உள்ளே சோபா, பெரிய டிவி, நின்று குளிக்கிற பாத்ரூம், ஆள் உயர ஃப்ரிட்ஜ். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. அப்படியோர் அலுங்காத ஓட்டம். செட்டியார் நடுவில் ஒரு தடவை பாத்ரூம் போய்வந்தார். எனக்கு இதுதான் என்று பட்டது. ஊருக்குள் திரும்புகிற இடத்தில் வந்தது வினை. தாழத் தொங்குகிற மின்கம்பி ஒரு பக்கம், வேப்பங்கிளை ஒரு பக்கம். முன்னால் போனால் கம்பி, பின்னால் வந்தால் சாக்கடை. விற்பனைக்காரர் இறங்கி, ஏறி, மறுபடி இறங்கினார். கடைசியில் மெயின் ரோட்டிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. அங்கிருந்து கோயில் வரை செட்டியாரால் நடக்க முடியாது. கண்ணாடி வழியாகத் தெரிந்த கோபுரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, "போதும், திருப்பச் சொல்லு," என்றார்.

ஆச்சி சோபாவில் உட்கார்ந்தபடி ஒரே மூச்சில் சொன்னார்: "இது வண்டியில்ல, கல்யாண மண்டபம். நாம போற எடத்துக்கு இது வராது. இது நிக்கிற எடத்துக்கு நாம போகணும்."

அடுத்த வாரம் வேன் வந்தது. அது ஆட்டுக்குட்டி மாதிரி சந்துபொந்தெல்லாம் நுழைந்து, கோயில் வாசலுக்கே போய் நின்றது. வெளியிலிருந்து பார்த்த எனக்கு மறுபடி இதுதான் என்று பட்டது. என் கண்ணுக்கு அந்தப் புத்தி எப்போதும் உண்டு. ஆனால் உள்ளே நடந்தது வேறு. மேசையை மடக்கினால்தான் படுக்கை. படுக்கையை மடக்கினால்தான் அடுப்பு. செட்டியார் உயரமானவர், ஏறியதிலிருந்து தலையைக் குனிந்தே இருந்தார். பாத்ரூம் என்று காட்டியது சீட்டுக்கு அடியிலிருந்து இழுத்து வைக்கிற ஒரு பெட்டியும், சுற்றி ஒரு திரையும். அதைப் பார்த்த செட்டியார் விற்பனைக்காரரின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோயில் வாசலில் நின்றும் அவர் இறங்கவில்லை. அவசரம் வந்துவிட்டது, வீட்டுக்குப் போகவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் இறக்கி எப்படியோ சமாளித்தோம்.

"மாத்திரை டப்பா," என்றார் ஆச்சி. "எல்லாத்தையும் மடக்குறீக. ஒரு மனுசன் எந்திரிச்சா இன்னொரு மனுசனையும்ல மடக்க வேண்டியிருக்கு."

"ரொம்பப் பேர் இதத்தாங்க விரும்பி வாங்குறாங்க. டீசல் கம்மி, நிறுத்துறது சுலபம்," என்றார் விற்பனைக்காரர்.

"வாங்கட்டும். மடங்குற வயசுக்காரகளுக்கு நல்ல வண்டிதேன்."

இந்தச் சோதனைகளுக்கு ஒரு வால் உண்டு. திரும்பும்போது ஒவ்வொரு தடவையும் பழைய விமான ஓடுபாதைப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்வார். ஊரில் பாதிப் பேர் கார் ஓட்டப் பழகிய பொட்டல் அது. "டிரைவர் சீட்டு எப்படி இருக்குன்னு பாக்கணும்ல?" என்று ஏறி உட்கார்ந்துவிடுவார். வேனைக் கொஞ்சதூரம் உருட்டியும் பார்த்தார். விற்பனைக்காரர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே பக்கத்தில் ஓடினார். ஆச்சி எதையும் உட்கார்ந்து பார்க்கிறவர்தானே, இதிலும் உட்கார்ந்து பார்க்கிறார் என்று நான் சிரித்துக்கொண்டேன். அந்த நாட்களில் காலையில் அவர் என்னைக் கூப்பிடுவது குறைந்திருந்தது. கோயிலுக்கு ஆட்டோவில் போய்விடுகிறார் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்றாவது வண்டியை வீட்டு வாசலில் பார்த்ததும் ஆச்சி சிரித்துவிட்டார். டிரைவர் தலைக்கு மேல் படுக்கை நீட்டிக்கொண்டிருந்தது, நெற்றி வரை தொப்பி இறக்கிய ஆள் மாதிரி. அப்போதே அதற்குத் தொப்பிக்காரன் என்று பெயர் வைத்தாயிற்று. மேல் படுக்கைக்கு ஏணி. "இதுல நான் ஏறணுமா?" என்றார் செட்டியார். "அது பேரப்புள்ளைகளுக்கு. நமக்குப் பின்னால," என்று கீழே இருந்த கட்டிலைக் காட்டினார் ஆச்சி. காட்டிவிட்டுப் படுத்தும் பார்த்தார். முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டிலிருந்து ஒரு சட்டி பணியார மாவு கொண்டுவந்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். முதலில் புதுவயல் ரோட்டில் விடச் சொன்னார். அரிசி ஆலை லாரிகள் போய்ப்போய்ப் பள்ளமான ரோடு, நடுநடுவே வேகத்தடை. வண்டி கொஞ்சம் ஆடத்தான் செய்தது; பேருந்தின் சொகுசு இல்லை. ஆனால் அலமாரியைத் திறந்து பார்த்தபோது மாவு ஒரு சொட்டும் சிந்தவில்லை. அதன் பிறகுதான் இளையாத்தங்குடிக்குத் திருப்பினோம்.

பாதி வழியில் செட்டியார் எழுந்தார். பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். நிமிர்ந்தபடி பாத்ரூமுக்குள் நுழைந்தார். நிஜமான கதவு, உள்ளே தாழ்ப்பாள். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. விற்பனைக்காரர் தண்ணீர்த் தொட்டியின் அளவைச் சொல்ல ஆரம்பித்தார். ஆச்சி கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது. செட்டியார் வந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வெளியே பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"ராமேஸ்வரத்துக்கு இங்கிருந்து எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆச்சி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. தேர்வு எழுதின பிள்ளை சுவரில் ஒட்டிய தாளில் தன் எண்ணைப் பார்த்துவிட்ட மாதிரி.

கும்பிட்டு வந்து, கோயில் ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்திப் பணியாரம் சுட்டார். விற்பனைக்காரர் தட்டில் வாங்கி வாங்கித் தின்றார். விற்க வந்தவர் என்பதையே மறந்துவிட்டார்.

இனி இருவரும் சேர்ந்து வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் இருக்கப்போகிறோம் என்று ஆச்சி சொன்னதை மூத்த மகன் போனில் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. "வழியில அப்பச்சிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்ன ஆத்தா பண்ணுவீக?"

"வீட்டுல ஏதாச்சும் ஆச்சுன்னா ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடணும். இதுல நாங்க வண்டிக்குள்ளயேல்ல இருக்கோம்."

"வெளையாடாதீக ஆத்தா. சாந்தி முடிஞ்சதும் டிக்கெட் போட்டாச்சு. அப்பச்சிக்கு எங்கூட, ஒங்களுக்குத் தம்பிகூட."

ஆச்சி போனை வைத்துவிட்டு, வீட்டில் தன் பங்கில் ஓர் அறையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விடுதி நடத்துகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டார். அந்தப் பணத்தில் தொப்பிக்காரன் வந்து புதுவயலில் தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலைக்குள் மூடி வைக்கப்பட்டான். வண்டி வாங்கியாயிற்று என்பது என்னையும் செட்டியாரையும் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது.

சாந்தி நல்லபடியாக நடந்தது. கலசத் தண்ணீர் ஊற்றி, செட்டியார் மறுபடி தாலி கட்டி, சொந்தபந்தமெல்லாம் விழுந்து கும்பிட்டு ஆயிற்று. நடுமுற்றத்து வளவு நிறைய ஆட்கள். மகன்கள் இருவரும் காலில் விழுந்து எழுந்தபோது, ஆச்சி எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"அப்பச்சி எனக்கு மறுபடி தாலி கட்டிட்டாக. இனி முறைப்படி எங்கள வேறு வைங்கப்பா."

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். இந்த வீடுகளில் கல்யாணமான பிள்ளையைக் கொஞ்ச நாளில் வேறு வைப்பார்கள். சண்டை போட்டுப் பிரிக்கிறது இல்லை. பெற்றவர்களே ஓர் அறை கொடுத்து, தனி அடுப்பு கொடுத்து, சட்டி பானையும் ஒரு வருடத்துக்கான பலசரக்கும் கொடுத்து, நீங்கள் இரண்டு பேரும் ஒரு குடித்தனம் என்று ஊரறிய நிறுத்துவது. அது பிள்ளைகளுக்குப் பெற்றவர்கள் செய்வது. பெற்றவர்கள் பிள்ளைகளிடம் கேட்டு யாரும் கேள்விப்பட்டதில்லை.

பங்காளிகளில் மூத்தவர் ஒருவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, "கேட்டுருச்சே. ரெண்டாந்தரம் கட்டுனாலும் கல்யாணம் கல்யாணம்தான? வச்சுத்தேன் ஆகணும்," என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. இளைய மகனும் சிரித்துவிட்டார். மூத்த மகன் மட்டும் சிரிக்கவில்லை.

"எங்க வேறு வைக்கச் சொல்றீக ஆத்தா?"

ஆச்சி எனக்குக் கண் காட்டினார். விடியற்காலையிலேயே பக்கத்துத் தெருவில் கொண்டுவந்து ஒளித்து வைத்திருந்த தொப்பிக்காரனை நான் போய் எடுத்துவந்து வாசலில் நிறுத்தினேன். மாலை போட்டிருந்தேன்.

மூத்தவர் வண்டியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். "அப்பச்சி, நீங்க சொல்லுங்க. இதெல்லாம் ஒங்களுக்குச் சரியா வருமா?"

செட்டியார் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மடித்துக்கொண்டே, "நான் அதுல ஏற்கனவே பாத்ரூம் போய்ட்டேன்ப்பா," என்றார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய சிரிப்பு தெருமுனை வரை போயிருக்கும். ஆனால் மகன் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திருமயம் பேருந்துக் கதை அவருக்கும் தெரியும்.

இதோடு முடிந்திருக்கலாம். எங்கள் ஊர் ஆட்கள் விடுவார்களா? வேறு வைப்பதென்றால் வெறுங்கையோடா? எல்லோரும் பெரியத்தை என்று கூப்பிடுகிற ஓர் அம்மாள் அரிசி மூட்டை என்றார். இன்னொருவர் புளிப்பானை. பித்தளை அண்டா வந்தது, எவர்சில்வர் தூக்குச்சட்டி வரிசையாக வந்தது, ஊறுகாய் ஜாடி வந்தது, ஆட்டுக்கல் வந்தது. தடுக்க முடியவில்லை, அத்தனையும் சீர். ஆச்சியும் முதல் தடவையாக எதையும் இருந்து பார்க்காமல், "அங்குட்டு வைங்க, இங்குட்டு வைங்க," என்று சந்தோஷத்தில் ஏற்றிக்கொண்டே இருந்தார். சாமான் என்றால் செட்டிநாட்டுப் பெண்களுக்குக் கண் மறைத்துவிடும்.

வண்டியை எடுத்தேன். தெருவிலிருந்து திரும்புகிற இடத்தில் சாக்கடைப் பாலக் கல்லில் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. இரும்பு கல்லில் உரசுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ஊரே சுற்றி நின்று பார்த்தது.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் மூத்த மகன். "பத்தடி போகல. இதுல ராமேஸ்வரமா?"

ஆச்சி வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார். பின்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். உட்கார இடம் தேடினார். கட்டில்மேல் அரிசி மூட்டை, நடைபாதையில் அண்டா. பாத்ரூம் கதவைத் திறக்கப் பார்த்தார். ஆட்டுக்கல் மறித்தது. அதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். பிறகு வாசலுக்கு வந்து சொன்னார்:

"எல்லாத்தையும் எறக்குங்க."

"சீரு ஆச்சி, எறக்கக் கூடாது," என்றார் பெரியத்தை.

"செட்டியார் பாத்ரூமுக்குப் போக வழியில்லாம ஒரு சீரா? நாளைக்குக் காலையில எது வேணுமோ அது மட்டும் இருக்கட்டும்."

யாரும் அசையவில்லை. அப்போது மூத்த மகன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டிக்குள் ஏறினார். ஆட்டுக்கல்லை அவரேதான் தூக்கி இறக்கினார், யாரையும் தொடவிடவில்லை. அப்புறம் அரிசி மூட்டை. அதன் பிறகு தம்பி, பங்காளிகள், சமையல்காரர்கள் எல்லோரும் சங்கிலியாக நின்றுவிட்டார்கள். ஒவ்வொன்றாக இறங்க இறங்க வண்டி மூச்சு விடுவதுபோல மேலே எழும்பியது. கடைசியில் உள்ளே மிஞ்சியது இரண்டு தட்டு, இரண்டு தம்ளர், ஒரு குக்கர், காப்பிப் பாத்திரம், பணியாரச் சட்டி, ஒரு சின்னப் பையில் அரிசி. கல்லை விட்டுப் பின்பக்கம் தானாகவே விலகிவிட்டது. கூட்டத்தில் யாரோ குலவை போட்டார்கள்.

மூத்தவர் கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்: "மொத நாளு எங்க தங்குறீக ஆத்தா?"

"இளையாத்தங்குடி. அப்புறம் ராமேஸ்வரம். ஒன் வீட்டு வழியாவும் வருவோம். வாசல்ல நிறுத்த எடம் இருக்கான்னு பாத்து வையி."

நான் டிரைவர் சீட்டில் ஏறப் போனேன். ஆச்சி சாவிக்குக் கையை நீட்டினார்.

"தம்பி, நீங்க பின்னால ஒக்காருங்க."

"ஆச்சி?"

"புதுசா வேறு வச்ச குடித்தனத்துல மூணாவது ஆளு எதுக்கு? ஊரு எல்லை வரைக்கும் வாங்க, வழியனுப்ப." இடுப்புப் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து என் கண்முன் ஆட்டினார். படத்தில் முறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, தெனமும் காலையில கோயிலுக்குன்னு போனது?"

"கோயிலுக்கு எதுத்தாப்புல டிரைவிங் ஸ்கூலு. பிள்ளையாருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டுத்தேன் போனேன்."

ஆச்சி சீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடியைத் திருப்பினார், சாக்கடைக் கல்லைப் பின்கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தார். வண்டி அலுங்காமல் திரும்பியது. திரும்பி முடிந்ததும்தான் கைதட்டல் கேட்டது.

நான் பின்னால் செட்டியாருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். காலை நன்றாக நீட்டினேன். எதுவும் இடிக்கவில்லை. செட்டியார் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, சூரத்துக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்னாலிருந்து குரல் வந்தது.

"பின்னால எப்படி இருக்கு தம்பி?"

"நல்லா இருக்கு ஆச்சி."

"முதுகக் கேட்டுச் சொல்லுங்க."

"முதுகும் அதான் சொல்லுது."

ஊர் எல்லையில் நிறுத்தினார். நான் இறங்கினேன். செட்டியாரும் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கி, என் தோளைத் தட்டிவிட்டு, சுற்றிப் போய் முன் சீட்டில், ஆச்சிக்குப் பக்கத்தில், ஜன்னல் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார். இண்டிகேட்டர் மின்னியது. புறப்படுவதற்கு முன் ஆச்சி அவரிடம் சொன்னது திறந்திருந்த ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"பெல்ட்டப் போடுங்க. வீடு கெளம்புது."